போட்டியில் மூன்றாவது இடம்: சீட்டுப் பணத்தைப் பங்குகளில் போடலாமா?

கேள்வி: மேடம், எனக்கு வயது 33. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை ஆன்லைனில் ஒரு பங்குத் தேர்வுப் போட்டி நடத்தினார்கள். ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கற்பனைப் பணம். ஒரு பங்கில் 20 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் இரவு 9 மணி வரை ஆர்டர் போடலாம். அன்றைய க்ளோசிங் விலையில் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். கலந்துகொண்ட 212 பேரில் நான் மூன்றாவது. லாபம் 41 சதவீதம்.

மனைவி கட்டிவந்த சீட்டு முடிந்து 6 லட்சம் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் அவிநாசி பக்கம் ஒரு சைட் வாங்க வேண்டும். அதுவரை போட்டியில் செய்ததைப் போலவே நிஜமாகச் செய்து பணத்தைப் பெருக்கலாமா? கூடப் படித்த ஏழு பேர், "ஆளுக்கு ஒரு லட்சம் தர்றோம், நீயே பாத்துக்கோ, லாபத்துல பத்து பர்சன்ட் எடுத்துக்கோ" என்கிறார்கள். 499 ரூபாய் கட்டினால் பரிசுப் போட்டியில் சேரலாம் என்று ஓர் ஆப்பிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. என் ஷீட்டை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். ரேங்க்கை வைத்துச் சொல்லவில்லை. 38 பங்குகளுக்கும் வாங்கிய நாள், விற்ற நாள், விலை எல்லாம் எழுதி, பக்கத்திலேயே 'காரணம்' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறீர்கள். இருபது வருடமாகப் பங்குச் சந்தையில் இருக்கிறவர்களிடம்கூட நான் இப்படி ஒரு ஷீட்டைப் பார்த்ததில்லை. அந்தப் பத்தி இருந்ததால்தான் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. இரண்டு மாலை அதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். மே மாதம் ஒரு சிறு நிறுவனப் பங்கை 412 ரூபாய்க்கு 480 பங்கு வாங்கியிருக்கிறீர்கள். காரணம் என்ற இடத்தில், "ரிசல்ட் சூப்பர், லாபம் டபுள். நைட்டே போட்டாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். 412 என்பது மதியம் மூன்றரைக்குச் சந்தை முடிந்தபோது இருந்த விலை. ரிசல்ட் வந்தது மாலை 5:40-க்கு. நீங்கள் ஆர்டர் போட்டது இரவு 8 மணிக்கு மேல். மறுநாள் காலை அந்தப் பங்கு 470-ல் திறந்தது. நீங்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் 27,840 ரூபாய் லாபம்.

இதில் நீங்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. விதி அனுமதித்தது, பயன்படுத்தினீர்கள். ஆனால் நிஜச் சந்தையில் அந்த 412 யாருக்கும் கிடைத்திருக்காது. ரிசல்ட் தெரிந்த பிறகு, ரிசல்ட் தெரிவதற்கு முந்தைய விலையில் வாங்குவது, பரீட்சை முடிந்து விடைத்தாள் வெளியான பிறகு உட்கார்ந்து எழுதுவதைப் போல. காலாண்டு ரிசல்ட் வருகிற ஏப்ரல், மே மாதங்களில் போட்டி நடந்திருக்கிறது; பல நிறுவனங்கள் சந்தை முடிந்த பிறகுதான் ரிசல்ட்டை வெளியிடுகின்றன. உங்கள் 38-ல் 11 பங்குகள் இப்படி வாங்கப்பட்டவை. அந்தப் பதினொன்றுக்கும் க்ளோசிங் விலைக்குப் பதிலாக மறுநாள் காலைத் தொடக்க விலையைப் போட்டுப் பார்த்தேன். 4,10,000 ரூபாய் லாபம் 2,84,000 ஆகிவிட்டது.

உங்கள் போட்டியில் மட்டும் உள்ள ஓட்டை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சிஎன்பிசி தொலைக்காட்சி 2007-ல் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து இப்படியொரு போட்டி நடத்தியது. சந்தை முடிவதற்கு முன்பே ஆர்டர் பக்கத்தைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு வரும் செய்தியைப் பார்த்துவிட்டு, லாபம் தரும் ஆர்டரை மட்டும் க்ளோசிங் விலைக்கு முடிக்க முடியும் என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். அது வெளியில் வந்து பெரிய சர்ச்சை ஆகி, முன்னணியில் இருந்தவர்கள் சிலர் நீக்கப்பட்டார்கள். பரிசுத் தொகை அவ்வளவு பெரியதாக இருந்த இடத்திலேயே விலை விஷயத்தில் இப்படி ஆனது.

அடுத்தது, உங்களுக்கு அதிக லாபம் தந்த மூன்றில் ஒன்றான பாதுகாப்புத் துறைப் பங்கு. மே 7-ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூர், 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம், 12-ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் பாதுகாப்புப் பங்குகள் எல்லாமே பறந்தன. 13-ஆம் தேதி இரவு 2 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். அன்று அந்தப் பங்கு 5 சதவீத அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் அதற்கு மேல் ஏற விடாத உச்ச வரம்பில், நின்றிருந்தது. அடுத்த நான்கு நாளும் அப்படியே. அப்பர் சர்க்யூட்டில் நிற்கும் பங்கை உங்கள் புரோக்கர் ஆப்பில் ஒரு தடவை திறந்து பாருங்கள். இடது பக்கம் வாங்குவதற்கு லட்சக்கணக்கில் ஆர்டர் வரிசை கட்டி நிற்கும். வலது பக்கம், விற்பவர்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து வரியும் பூஜ்யம். அந்த வரிசையின் கடைசியில் உங்கள் ஆர்டரும் நிற்கும். சாயங்காலம் தானாக ரத்தாகும். போட்டி ஷீட்டுக்கு இது தெரியாது. விலை என்று ஒன்று இருந்தால் அந்த விலையில் பங்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டது. நான்கு நாள் கழித்துத்தான் உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 21 சதவீதம் கூடுதல் விலை. அதில் வந்த 1,05,000 லாபம் ஏறக்குறைய 51,000 ஆகிறது. மொத்த லாபம் 2,30,000-க்கு வந்துவிட்டது.

இனி செலவு. டெலிவரி எடுத்தால், அதாவது அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் வாங்கி வைத்தால், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி). நீங்கள் வாங்கியது சுமார் 60 லட்சத்துக்கு, விற்றது அதைவிடக் கொஞ்சம் அதிகம். முத்திரைத்தாள் கட்டணம், டிபி கட்டணம் (டீமேட் கணக்குக்கானது), மற்றவை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி. செஸ் சேர்த்தால் 47,840. கையில் மிஞ்சுவது சுமார் 1,68,000, அதாவது 16.8 சதவீதம்.

மோசமில்லையே என்று தோன்றும். மார்ச் 28 க்ளோசிங்கிலிருந்து ஜூன் 30 வரை, 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 23,519-லிருந்து 25,517 ஆனது, எட்டரை சதவீத ஏற்றம். ஆனால் நீங்கள் வாங்கியவை பெரும்பாலும் ஸ்மால்கேப், அதாவது சிறு நிறுவனப் பங்குகள். அவற்றுக்கான குறியீடு அதே காலத்தில் நிஃப்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியது. அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஒரு ஸ்மால்கேப் இண்டெக்ஸ் ஃபண்டில் பத்து லட்சத்தைப் போட்டுவிட்டு மூன்று மாதம் திரும்பியே பார்க்காமல் இருந்தவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வரியும் அவர் விற்கும்போதுதான் வரும். ஏப்ரல் 7 அன்று டிரம்ப்பின் இறக்குமதி வரி அறிவிப்பால் சந்தை ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பிறகு எல்லாமே மேலே வந்தன. நல்ல மழை பெய்த வருடம், தம்பி. எல்லோர் கிணற்றிலும் தண்ணீர் ஊறியது.

தொழிலில் இருப்பவர்கள் இதைவிட நன்றாகச் செய்வார்களா என்று கேட்பீர்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1988-ல் ஒரு போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் சந்தை நிபுணர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள். மறுபக்கம் செய்தியாளர்கள் பங்குப் பட்டியலை நோக்கி எறிந்த அம்பு குத்திய பங்குகள். ஆறு ஆறு மாதமாகக் கணக்கிட்டு, 1998-ல் நூறு சுற்று முடித்தார்கள். அம்புகளை நிபுணர்கள் 61 தடவை வென்றார்கள். டவ் ஜோன்ஸ் குறியீட்டை வென்றது 51 தடவை. அந்த வெற்றிக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: நிபுணர் பெயரோடு பத்திரிகையில் வந்ததும் படித்தவர்கள் ஓடிப்போய் வாங்கியதில் விலை ஏறியது, தேர்ந்தெடுத்த பங்குகளும் ஏற்ற இறக்கம் அதிகம் உள்ளவை.

போட்டி என்று வந்துவிட்டால் எல்லோருடைய கையும் அப்படிப்பட்ட பங்குகளைத்தான் தேடும். உங்கள் ஷீட்டிலேயே தெரிகிறது. மே கடைசியில் நீங்கள் 19-வது இடம். ஜூன் 2-ஆம் தேதி, இருந்த 14 பங்குகளையும் விற்றுவிட்டு ஐந்தே பங்குகளில் முழுப் பணத்தையும் இறக்கியிருக்கிறீர்கள். காரணம்: "இழக்க என்ன இருக்கு?" போட்டிக்கு அது மிகச் சரியான முடிவு. 19-வது வந்தாலும் 212-வது வந்தாலும் பரிசு கிடையாது. முதல் மூன்று இடத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரிதாக ஏறக்கூடியதை, அதாவது பெரிதாக விழவும் கூடியதை, எடுத்துத்தான் ஆக வேண்டும். உங்களைப் போலவே யோசித்த இன்னும் முப்பது நாற்பது பேர் 150-வது இடத்துக்குக் கீழே போயிருப்பார்கள். அவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. 212 பேரையும் நிற்க வைத்து நாணயம் சுண்டிப் பூ விழுந்தவரை மட்டும் நிற்கச் சொன்னால், ஏழாவது சுற்று முடியும்போதும் ஒன்றிரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். உங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று மூன்று மாதத்து ரேங்க்கை வைத்துச் சொல்ல முடியாது.

"இழக்க என்ன இருக்கு" என்ற அந்த வரியை, உங்கள் மனைவி சீட்டுக் கட்டிய நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அப்பர் சர்க்யூட்டில் வாங்க முடியாத மாதிரி, ஒரு நாளில் அதற்குக் கீழே விழ விடாத வரம்பான லோயர் சர்க்யூட்டில் விற்கவும் முடியாது. தினமும் 5 சதவீதம் என்று பத்து நாள் பூட்டிக்கொண்டால் 6 லட்சம் 3.6 லட்சம் ஆகும். அந்தப் பத்து நாளும் காலை 9:15-க்கு விற்கப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமிருக்காது. 3.6 லட்சம் மறுபடி 6 லட்சம் ஆக 67 சதவீதம் ஏற வேண்டும். சைட்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2007 நவம்பர், டிசம்பரில், நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு போட்டி நடந்தது. இரண்டாவது வந்தேன். அந்த இரண்டு மாதத்தில் என் கற்பனைப் பங்குகள் ஒரே நாளில் 6 சதவீதம் விழுந்த நாட்களும் உண்டு; டீ குடித்துக்கொண்டே பார்த்தேன், மனது ஆடவில்லை. நமக்கு நெஞ்சுரம் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். தீபாவளி போனஸையும் சேமிப்பையும் சேர்த்து 80,000 ரூபாயை ஜனவரி முதல் வாரம் அதே பங்குகளில் போட்டேன். ஜனவரி 21-ஆம் தேதி சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் விழுந்தது. மறுநாள் திறந்த உடனே 10 சதவீதம் சரிந்து, வர்த்தகத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் டீலிங் ரூமில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி திறந்ததும் முதல் வேலையாக என் பங்குகளை எல்லாம் விற்றேன். அன்று மாலைக்குள் சந்தை கணிசமாக மீண்டுவிட்டது. நான் இழந்தது 31,000. அப்போதைய என் இரண்டரை மாதச் சம்பளம். போட்டியில் ஆடாத அதே மனது, அதே பங்குகள்தான். பணம் மட்டும் வேறு.

அதனால் 6 லட்சத்தைப் பற்றி என் பதில் உறுதியானது: பங்குகளில் போடாதீர்கள், ஒரு பகுதியைக்கூட. இரண்டு வருடத்தில் பத்திரப் பதிவுக்குப் போக வேண்டிய பணம் சந்தைக்கு வரக்கூடாது. வங்கி டெபாசிட் போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு உண்டு. எனவே 4 லட்சம் ஒன்றில், 2 லட்சம் இன்னொன்றில் என்று பிரித்து, மனைவி பெயரிலேயே போடுங்கள். சீட்டுக் கட்டியது அவர். அவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லுங்கள்.

நண்பர்களின் பணத்தைத் தொடவே வேண்டாம். லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பணத்தை நிர்வகிக்க, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் போர்ட்ஃபோலியோ மேனேஜராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தவரும் ஒரு வாடிக்கையாளரிடம் 50 லட்சத்துக்குக் குறைவாக வாங்க முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு எதை வாங்கலாம் என்று சொல்வதற்குக்கூடத் தனிப் பதிவு வேண்டும். நான் வைத்திருப்பது அதுதான். "பாஸ்வேர்டு தர்றேன், ஓடிபி சொல்றேன், என் அக்கவுண்டிலேயே பண்ணு" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் வீட்டில் மருத்துவச் செலவு வந்து, பங்கு லோயர் சர்க்யூட்டில் மாட்டியிருக்கும் நேரத்தில் அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பதினைந்து வருட நட்பு அந்த ஒரு போனோடு முடிந்ததை என் வாடிக்கையாளர்களிடம் பார்த்திருக்கிறேன்.

அந்த 499 ரூபாய் ஆப்பும் வேண்டாம். பங்கு விலையை வைத்து நடத்தும் இப்படிப்பட்ட பரிசு விளையாட்டுகளைப் பற்றி செபி 2016-லும் 2024-லும் எச்சரித்திருக்கிறது. 2024 மே மாதச் சுற்றறிக்கையில், இத்தகைய விளையாட்டுத் தளங்களுக்கு நேரடி விலைத் தகவலைத் தரக்கூடாது என்று பங்குச் சந்தைகளுக்கே சொல்லிவிட்டது. அங்கே பணம் போய்விட்டால் செபியிலோ எக்ஸ்சேஞ்சிலோ புகார் கொடுத்து மீட்க வழியில்லை.

பங்குகளில் ஆர்வம் இருக்கிறது, அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளத்திலிருந்து மாதம் 5,000 ஒதுக்குங்கள். 4,000 ஏதாவது ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி. மீதி ஆயிரம் நீங்களே தேர்ந்தெடுக்கும் பங்குக்கு. ஷீட்டைத் தொடருங்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு: இரவில் காரணத்தை எழுதுங்கள், வாங்குவது மறுநாள் காலை 10 மணிக்கு மேல். எழுதியபோது இருந்த விலை, கிடைத்த விலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். குறைந்தது மூன்று வருடம், ஒரு பெரிய இறக்கத்தையாவது பார்க்கும் வரை, தொகையைக் கூட்டாதீர்கள்.

கடைசியாக, உங்கள் ஷீட்டின் 14-வது வரிசை. ஒரு நூற்பாலைப் பங்கு, வெறும் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. காரணம்: "எங்களுக்கு நூல் குடுக்கறவங்க. பருத்தி விலை ஏறினப்பவும் டெலிவரி ஒரு தடவைகூட தவறல." ஒன்பது நாளில் 1,150 ரூபாய் லாபத்துக்கு விற்றுவிட்டீர்கள், "ஸ்லோவா நகருது" என்று. 38 வரிசையில் மற்ற 37 காரணங்களும் டிவியில் வந்தவை, டெலிகிராமில் வந்தவை, அன்றைய ரிசல்ட்டில் எல்லோரும் படித்தவை. இந்த ஒன்று மட்டும் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் நின்று, கண்ணால் பார்த்து எழுதியது. ஜூன் 30-க்குள் கணக்கு முடிக்க வேண்டியிருந்ததால் அதைக் கைவிட்டீர்கள். இப்போது அந்தக் கெடு இல்லை. வெளியில் அறிவிக்காத ஆர்டர் தகவலை வைத்து வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படி குற்றம். அந்த ஆலையின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை எக்ஸ்சேஞ்ச் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். கடன் எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு போகிறது, பருத்தி விலை ஏறிய வருடத்தில் லாபம் என்ன ஆனது, பாக்கி வசூலாக எத்தனை நாள் ஆகிறது: இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.